தண்டோரா போடாத டிராக்டர்

பிள்ளைப்பாக்கத்தில் அடமானமாகப் பிடித்த பொருள், ஊரறியத் தண்டோரா போடும்வரை, கடன் கொடுத்தவன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒரே பொருளின்மேல் இரண்டு பேர் கொடுத்திருந்தால் முதலில் தண்டோரா போட்டவனுக்கே பொருள்; பிந்தியவனுக்குத் தன் கடன் அடைகிறவரை அது கண்ணில் படாது. வாலாஜாபாத் பக்கம் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அங்கே வட்டி மட்டும் கொஞ்சம் கூடுதல்.

1991 தை மாதம் எல்லப்பன், மகள் சசிரேகாவின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்து, சின்னப்பையன் என்கிற உள்ளூர்க்காரனின் டிராக்டர்மேல் கடனாகக் கொடுத்தார். வட்டி ஆசை, வேறென்ன. மனைவி லீலாவிடம் பணம் பேங்கில் இருப்பதாகச் சொன்னார். தண்டோரா போட்டால் அது அவள் காதில் விழாமல் போகுமா? ஆகவே போடவில்லை. மறுநாளே டிராக்டர் அவர் கண்ணைவிட்டு மறைந்தது.

அதன்பின் சின்னப்பையன் தரையிலிருந்து நாலடி உயரத்தில் உட்கார்ந்து, காற்றைத் திருகிக்கொண்டே தெருவில் போவதைத்தான் அவர் பார்த்தார். சந்தை நாளென்றால் லீலாவும் மட்கார்டில் ஏறிக்கொள்வாள். மடியில் கத்தரிக்காய்க் கூடையோடு மிதந்து போவாள். அந்தரத்தில் போகிற பெண்டாட்டியை ஏனென்று கேட்க முடியாத புருஷன் நிலைமை பரிதாபம்தான். அதைவிடக் கஷ்டம் தெருவில் நடப்பது. நிறுத்திவைத்த வண்டியில் போய் முட்டிக்கொள்கிறவன்தான் அதன்மேல் கடன் கொடுத்தவன் என்பது அந்த ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். ஒருமுறை பால் சொசைட்டி எதிரே எல்லப்பன் முழங்காலில் நன்றாகவே வாங்கினார். சுளுக்கு என்று சொல்லி ஒரு வாரம் நொண்டினார்.

ஆடியில் சின்னப்பையன் அதே டிராக்டரைக் காட்டி வாலாஜாபாத் ஃபைனான்ஸ்காரர் ரங்கநாத்திடமும் பணம் வாங்கிவிட்டான். ரங்கநாத் விவரமானவர். ஊர் வழக்கத்தை விசாரித்துக்கொண்டு மறுநாள் காலையே வந்து, தண்டோரா போடும் மாரியைக் கூப்பிட்டார். மாரி தமுக்கைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். எல்லப்பன் அதைப் பார்த்துவிட்டார். அந்தத் தமுக்கு ஒலித்தால் சசிரேகாவின் கல்யாணம் நின்றுபோகும். எதிரிலேயே லீலா, சந்தைக்குக் கிளம்பி, சின்னப்பையன் பக்கத்தில் காற்றில் உட்கார்ந்திருந்தாள்.

பாய்ந்துபோய்த் தமுக்கைப் பிடுங்கி அடித்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! சின்னப்பையன் டிராக்டர் மேல மொதல்ல பணம் குடுத்தவன் நானு! எம் பொண்ணு கல்யாணப் பணம்!"

டிராக்டர் சிவப்பாக எதிரே நின்றது. அதைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

லீலா இறங்கவில்லை. "நீ முட்டிக்கினு சுளுக்குன்னியே, அன்னிக்கே தெரியும்யா. நீயா வாயத் தொறப்பியான்னுதான் வாராவாரம் இதுல ஏறி உன் கண்ணெதிர்ல போய்க்கினு இருந்தேன்" என்றாள். சொல்லிக்கொண்டே சின்னப்பையன் சட்டைப்பையில் கைவிட்டு, ரங்கநாத் கொடுத்த நோட்டுக்கட்டை எடுத்து எண்ணி, தங்களுக்குச் சேரவேண்டியதை முந்தானையில் முடிந்துகொண்டாள். என்ன நடக்கிறதென்று பார்க்க வேகமாக வந்த ரங்கநாத், டிராக்டரில் முட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அந்த டிராக்டரில்தான் அழைத்து வந்தார்கள். ரங்கநாத்துக்குச் சின்னப்பையன் இன்னும் பாக்கி. அதனால் அவர் கண்ணுக்கு இருவரும் மாலையும் கழுத்துமாக அந்தரத்தில் வந்தார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு உள்ளே போய் மொய் எழுதி, பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.