மிச்ச மாத்திரை

"நாக்க நீட்டுளா."

மர்ஜானா நீட்டினாள். ஜன்னத்துல் பிர்தௌஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மருமகளின் நாக்கைப் பார்த்தாள். நெற்றியில் புறங்கையை வைத்தாள். கண்ணிமையை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பிரிட்ஜின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள்.

"மாமி, மூணு நாளா காச்சல் அடிக்கி. முக்குல இருக்க டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருதேனே."

"போனா அவ என்ன எழுதுவா? மாத்திரைதான எழுதுவா? அது இங்க கெடக்கே மலை மாதிரி!"

மலைதான். பல்வலிக்கு வாங்கியதில் இரண்டு, சளிக்கு வாங்கியதில் ஒன்றரை, மாமனாரின் காலில் கண்ணாடி குத்தியபோது வாங்கியதில் நான்கு. அட்டைகளைக் கத்தரித்து வைத்ததில் பாதிக்குப் பெயரின் தலை போயிருந்தது, மீதிக்கு வால் போயிருந்தது. எது எதற்கு என்பது மாமி ஒருத்திக்குத்தான் தெரியும். மர்ஜானாவுக்கு அதிலும் சந்தேகம்.

புனேயின் கோந்த்வாவில் அந்த நாலாம் மாடி வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: ஆம்பளைக்கு டாக்டர் சீட்டு, பொம்பளைக்கு டப்பா. மாமனார் ஷேக் முகைதீன் தும்மினால் கார் வரும், டாக்டர் வருவார், ரத்தப் பரிசோதனை நடக்கும், புது மாத்திரை வரும். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும், "போதும், ஒடம்பு சூடாயிரும்" என்று மாமி மாத்திரையை நிறுத்திவிடுவாள். மிச்சம் டப்பாவுக்குள் போகும். வீட்டுப் பெண்களுக்கு நோய் வந்தால் அந்த மிச்சம். மீனில் நடுத்துண்டு ஆண்களுக்கு, தலையும் வாலும் பெண்களுக்கு என்று இருந்ததே, அதே கணக்குதான்.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கடையநல்லூரிலிருந்து வந்து புனேயில் குடையும் ரெயின்கோட்டும் விற்கிற குடும்பம்; இங்கே பெய்கிற மழைக்கு ஒரு குறையும் இல்லை. மாமி கெட்டவளும் இல்லை. மருமகளுக்குத் தலை வலித்தால் தன் தலையணையை உருவிக் கொடுப்பாள். டாக்டரிடம் மட்டும் அனுப்ப மாட்டாள். அது அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

போன மாதம் கணவன் கலீலுக்கு டைபாய்டு. டாக்டர் ஏழு நாளைக்கு ஏழு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் கூட்டாளிகளோடு கடக்வாஸ்லா அணைக்கரையில் சுட்ட சோளம் தின்னப் போய்விட்டான். மிஞ்சிய மூன்று மாத்திரைகள் இப்போது மர்ஜானாவின் உள்ளங்கையில் இருந்தன.

"மச்சான், நீங்களாவது சொல்லுங்களேன்."

கலீல் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ், இந்தி கலந்து, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்குகிற ரிக்‌ஷா மாதிரி வரும். "அரே, நான் அதே கோலி, மாத்திரைதானே சாப்ட்டேன்? டீக் ஆயிட்டேன்ல? உம்மாக்கு எல்லாம் தெரியும்."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஊரில் சொல்வார்கள். அதை மாமியார் முன்னால் சொல்லத்தான் முடியுமா? மர்ஜானா வாயைத் திறந்தாள், சொல்ல அல்ல, விழுங்க.

காய்ச்சல் விட்டது. மாமி மாடி மாடியாக ஏறி இறங்கி வெற்றிச் செய்தி சொன்னாள். ஐந்தாம் நாள் காய்ச்சல், போன இடத்தில் பலம் சேர்த்துக்கொண்டு வந்ததுபோலத் திரும்பி வந்தது. பல்வலி மாத்திரை இரண்டு போட்டார்கள். கொஞ்சம் அடங்கியது, மறுபடி எழுந்தது. கால் புண்ணுக்கு வாங்கிய நான்கும் உள்ளே போயின. இப்படியே மூன்று வாரம். மர்ஜானாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறத் தொடங்கின. வயிற்றில் வலப்பக்கம் ஒரு வலி குடியேறியது. செத்துப் போய்விடுவோமோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அதையும் ஒரு நாள் மாமியிடம் சொன்னாள்.

"காச்சல்ல அப்படித்தான் தோணும். எனக்கு எத்தன தடவ தோணிருக்கு!" என்றாள் மாமி.

இத்தனைக்கும் அடுப்படி ஓயவில்லை. ஷேக் முகைதீனுக்கு மருமகள் கையால் பிசைந்த வெங்காயப் பச்சடி இல்லாமல் பிரியாணி இறங்காது. நெற்றியில் நூற்றிரண்டு டிகிரியோடு அவள் பிசைந்தாள். அவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் அவரும் விழுந்தார்.

அரை மணி நேரத்தில் கார் வந்தது. டாக்டர் பேந்த்ரே அம்மாள் ரத்தம் எடுத்தார், மாத்திரை எழுதினார். ஐந்து நாள் ஆகியும் காய்ச்சல் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. "புத்தம் புதுசு! ஒண்ணு விடாமக் குடுத்தேன்! மாத்திரைல கலப்படம்" என்று மாமி மருந்துக் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கலீல் எல்லோரையும் காரில் ஏற்றினான். கஞ்சிக் குடுவையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் மர்ஜானாவையும் ஏற்றினான்.

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மருந்தின் பெயருக்கு எதிரிலும் ஓர் எழுத்து. இந்தியில் விளக்கினார்: "இந்த மருந்துகள் எதுவும் இனி இந்தக் கிருமியைக் கொல்லாது. ஊசி ஒன்றுதான் மிச்சம். தினம் நரம்பில் ஏற்ற வேண்டும், பத்து நாள். வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்ல" என்றாள் மாமி.

"எனக்கு" என்றாள் மர்ஜானா. "நாலு வாரமா."

அறை அவள் பக்கம் திரும்பியது. கட்டிலில் கிடந்த ஷேக் முகைதீன் தலையைத் தூக்கினார். "அப்ப நீதான் எனக்கு இந்தக் காச்சலத் தந்தியாளா?"

டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார், அவள் துடித்துவிட்டாள். என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார். மர்ஜானா ஒன்றையும் ஒளிக்கவில்லை. மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அரைகுறையாக மருந்து கொடுத்தால் நோஞ்சான் கிருமி சாகும், முரட்டுக் கிருமி பிழைக்கும். அப்புறம் அதுதான் பெருகும்" என்றார். "உங்கள் மகன் பாதியில் நிறுத்தினார். மிச்சத்தை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தீர்கள். இவள் உடம்பில் வைத்து அதற்கு ஒவ்வொரு மருந்தாகப் பழக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பழகிய கிருமி சமையலறை வழியாகப் பெரியவரிடம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இவள் குடல் ஓட்டையாகியிருக்கும். இவளுக்கும் இன்றே ஊசி."

கலீல் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவன்போல உற்றுப் பார்த்தான். காதுமடல் சிவந்துபோயிருந்தது.

மாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் வழக்கம் முந்திக்கொண்டது. தாழ்ந்த குரலில், தமிழிலேயே, மிகுந்த அக்கறையோடு கேட்டாள்:

"டாக்டரம்மா, இவியளுக்குப் பத்து ஊசில்லா? நாலஞ்சுலயே காச்சல் விட்டுட்டுன்னா, மிச்ச ஊசிய இவளுக்குப் போட்டுக்கிடலாமே?"

கலீல் இதை இந்தியில் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். மர்ஜானாதான் மொழிபெயர்த்தாள், ஒரு வார்த்தை குறையாமல். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மர்ஜானாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. மாமியின் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்த்தப் போனவள், பிடித்த கையை விடவில்லை.

"மாமி, ஒங்க கை சுடுது."

"அடுப்புச் சூடுளா."

"இங்க எங்க மாமி அடுப்பு இருக்கு?"

மாமி கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. "ரெண்டு நாளாத்தான். வீட்ல சளி மாத்திர ஒண்ணர கெடக்கு, போட்டா சரியாயிரும். மொதல்ல அவியளப் பாருங்க."

"டாக்டர், மூணு பேருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதுங்க" என்றாள் மர்ஜானா. டாக்டர் மாமியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்று பேருக்கும் ஊசி என்றார்.

சீட்டெழுத வந்த பெண் மாமியின் பெயரைக் கேட்டாள். "மிசஸ் ஷேக் முகைதீன்" என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது. "அவங்க பேரு?" என்று அவள் மறுபடி கேட்டாள். சொன்னார். வயது கேட்டாள். அவர் கலீலைப் பார்த்தார். கலீல் அவரைப் பார்த்தான். முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவர், "அம்பது… அம்பதுக்கு மேல இருக்கும்" என்றார்.

"அம்பத்தாறு" என்றாள் ஜன்னத்துல் பிர்தௌஸ். அந்த ஊரில் தன் பேரில் ஒரு மருந்துச் சீட்டு எழுதப்படுவதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். எழுதுகிற பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து, யாருக்கு முதலில் என்று கேட்டாள். மாமியின் விரல் தானாகவே கணவரின் கட்டில் பக்கம் நீண்டது. அதற்குள் மர்ஜானா நர்ஸுக்கு முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக்கையை மடித்துவிட்டாள்.

"மொதல்ல விழுந்தது நான். மொதல்ல எனக்குப் போடுங்க."

ஷேக் முகைதீன் மனைவியைப் பார்த்தார், நாலு வார்த்தை திட்டி வழிக்குக் கொண்டுவருவாள் என்று. ஜன்னத்துல் பிர்தௌஸ் அவரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு மர்ஜானாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் சட்டைக்கையையும் முழங்கை வரை ஏற்றினாள்.

"அடுத்தது எனக்கு."

ஷேக் முகைதீன் கூரையைப் பார்த்துப் படுத்தார். அறுபத்திரண்டு வயதில், வீட்டுப் பெண்களுக்குப் போட்டு முடித்து மிச்ச ஊசி தன்னிடம் வரும்வரை அவர் காத்திருந்தார்.