மூன்றாம் வரிசைக்காக நின்ற பாட்டு

1.

அகஸ்டா பிம் பாட்டை நடுவரியில் நிறுத்தினாள். கையைத் தூக்கி வாத்தியக்காரர்களையும் அடக்கினாள். பிறகு, மூன்றாம் வரிசையில் நாற்காலிகளைத் தடதடவென்று சாய்த்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி நுழைந்த கூட்டத்தை நேராகப் பார்த்தாள். குறிப்பாக, அதில் உரக்கச் சிரித்த உயரத் தொப்பிக்காரரை.

"துரை உக்காந்து முடிங்க. நான் காத்திருக்கேன்."

இந்த ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை எனக்குப் பிறந்தது. 1886 நவம்பர். லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருப் பக்கம் ஓர் அரங்கு. எட்டரை அடிக்கப் பத்து நிமிடம். நானோ வாராவாரம் பத்திரிகையில் கொலை எழுதிப் பிழைக்கிறவன். பிணம் விழாத கதை எனக்குக் கைவராது. இதில் பிணம் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தேம்ஸின் மேல் மூடுபனி ஒரு கள்வனைப் போல..."

வேண்டாம். பனியை விற்றே பத்து வருடம் ஓட்டியாகிவிட்டது. நேரே சொல்கிறேன்.

பெரிய இசைநாடகம் எட்டரைக்கு. அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம், ஒரே அங்கத்தில் ஒரு சிரிப்பு இசைநாடகம்: 'இரண்டு குடைகள்'. அந்நேரம் பெரிய நட்சத்திரங்கள் ஒப்பனையறையில் காலை நீட்டியிருப்பார்கள். பெரிய நாடகத்தின் பின்பாட்டுக் கும்பலில் பத்தோடு பதினொன்றாக நிற்கிறவர்களுக்கு இதில்தான் வேஷம். முன்வரிசைப் பெரிய மனிதர்களோ வீட்டு விருந்தில் மீனை முடித்து ஆட்டுக்கறிக்கு வந்திருப்பார்கள். மெல்ல எழுந்து, வண்டியேறி, சின்ன நாடகத்தின் கடைசிப் பாட்டில் சரியாக வந்து இறங்குவார்கள்.

(கேட்கிறேன்: அந்தக் கடைசிப் பாட்டு யாருக்கு? நாற்காலிக்கா?)

ஆறு வருடம் கும்பலில் நின்ற அகஸ்டாவுக்கு, விடுதிக்கார விதவையாக வந்து பாடும் அந்த ஒரு பாட்டுதான் சொந்தம். முப்பத்தேழு ஆட்டம் ஆகியும் முன்வரிசை அதை முழுசாகக் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. முப்பத்தாறு நாள் வராமலிருந்ததுதான் ஆச்சரியம்.

3.

"அப்படிப் போடு தாயி!" என்று கத்தினான் மேலே கேலரியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒருவன். "யோவ் தொப்பி! தின்னது போதும், வாயை மூடிட்டு உக்காருய்யா!"

"முதல்லேருந்து பாடு கண்ணு! ஆறரைலேருந்து வாசல்ல நின்னவங்க நாங்க!" என்றாள் ஒருத்தி.

பாடினாள். முதலிலிருந்து, கடைசி வரை. அரங்கில் ஒரு விசிறிகூட ஆடவில்லை. தொப்பிக்காரர் முகம் சிவந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய நாடகம் ஏழு நிமிடம் தாமதம்.

மேடை நிர்வாகி ட்ரெட்கோல்ட் அவளைத் தன் அறைக்கு இழுத்துப்போகாத குறை.

"மிஸ் பிம், யாரை நிறுத்தினீங்கன்னு தெரியுமா?"

"பேசினவங்களை, சார்."

"எட்டரைக்குத் திரை ஏறலைன்னா என் வேலைக்குத்தான் உலை."

"தினம் என் பாட்டு நாசமாப் போகுதே, அதுக்கு யார் வேலை போகும்?"

ட்ரெட்கோல்ட் கெட்டவரல்ல. (வில்லனாக்கிப் பார்த்தேன். மீசை வைத்தேன். ஒட்டவில்லை.) பெருமூச்சு விட்டார்.

"அந்தத் துரை, 'எனக்கு மனக்குறை இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உங்க வேலை உங்களுக்கு. ஆள் அனுப்பறேன். சொல்லலைன்னா நாளைக்கு வரவேணாம்."

பெரிய நாடகத்தின் முதல் அங்கம் முழுக்க, விதவைக் குல்லாய் போட்டபடியே அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள்.

(இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? ட்ரெட்கோல்டே பிறகு சொன்னார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.)

4.

முடிவு ஒன்று: கதவு தட்டப்படுகிறது. தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர். "அம்மா, தப்பு என்னோடது..."

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கேலரியே திரண்டு படியிறங்கி வந்து... உள்ளே நடப்பது கேலரிக்கு எப்படித் தெரியும்? அதையும் அடித்தேன்.

முடிவு மூன்று: வேறோர் அரங்கில், பெரிய எழுத்தில் அவள் பெயர்...

வெட்கமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இடைவேளையில், மதுக்கூடத்தில், அனுப்பிய ஆள் அந்தத் துரையைப் பிடித்துக் கேட்டான். கூட நண்பர்கள் இருந்தார்கள், ஒருவர் சிரித்தார். துரை சொன்ன பதில் அப்படியே ட்ரெட்கோல்டின் அறைக்குப் போயிற்று: "அரங்கு விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை."

அகஸ்டா குல்லாயைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சார். அவருக்குப் பாட்டு பிடிச்சிருந்துதாமா?"

"அதைக் கேக்கலைம்மா."

பின்வாசல் வழியாகப் போனாள். பிறகு அவளை யாரும் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. எங்கே போனாள், பாடினாளா, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. மூன்றாம் வரிசையில் இருந்த தொப்பி என்னுடையது. அந்தப் பாட்டை எழுதியவனும் நான்தான்; எப்போதோ சில்லறைக்கு எழுதி விற்று மறந்தது. அவள் இரண்டாம் முறை பாடத் தொடங்கிய பிறகே அது என் பாட்டு என்று எனக்குத் தெரிந்தது.