செருப்புப்பூவின் விலாசம்

அந்த வருடம் ஜூன் மாதம் நார்ட்பி ஊரின் லூதரன் தேவாலயத்துக் கார் நிறுத்துமிடத்தில், தாரில் ஒரு கீறல்கூட விழாமல், செருப்புப்பூப் புதர் ஒன்று முளைத்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய், பொம்மைக்குப் போடும் செருப்பு அளவில் பூக்கள். மினசோட்டாவில் அந்தப் பூவைப் பறிப்பது குற்றம் என்பதால் பாஸ்டர் சுற்றிலும் கயிறு கட்டினார். சபையார் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். அதற்கு முந்தைய ஜூனில் பேஸ்பால் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் ஓடிவந்து மிதிக்கும் மூன்றாவது பேஸ் இருந்த அதே இடத்தில் பூத்திருந்தது. பேஸைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஆடினார்கள். நார்ட்பி அணி ஜெயித்தது அந்த ஒரு வருடம்தான்.

இந்த வேலையெல்லாம் யாருடையது என்று மார்லிஸுக்குத் தெரியும். கல்லூரியில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகம் அவள் பொறுப்பு, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவளோடு பள்ளியில் படித்த ஆரின், மாட்டுப் பண்ணைக்காரன், மனைவியை இழந்தவன். வருடம் தவறாமல் இஸ்திரி போட்ட சட்டையில், தானாய் உதிர்ந்ததை எடுத்துப் பழைய செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்த ஒரு செருப்புப்பூவோடு வருவான். எங்கே கிடைத்தது என்று சீட்டில் எழுதாமல் மார்லிஸ் எதையும் வாங்கமாட்டாள். "எடம் தெரியாத செடி வெறும் வைக்கோல்தான். கொண்டுபோய் உன் மாட்டுக்குப் போடு" என்பாள். தன் நிலத்துச் சதுப்பை வெளியே சொன்னால் திருடர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்களே என்று பயந்து, அரிய பூ தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல, ஆரின் வாய்க்கு வந்த இடத்தைச் சொன்னான். ஒரு வருடம் மைதானம், மறு வருடம் தேவாலயம், அப்புறம் வங்கி. சதுப்பில் வாழ்கிற பூ தாரில் எப்படிப் பூக்கும் என்று முதல் வருட மாணவன்கூடக் கேட்டிருப்பான். மார்லிஸ் கேட்கவில்லை. அவன் சட்டைக் காலரைப் பார்த்தபடியே தட்டச்சு செய்து ஒட்டினாள். சீட்டில் ஏறிய இடத்துக்குப் பூ அடுத்த ஜூனில் போய்ச் சேர்ந்தது.

வங்கிக் காசாளரின் மேஜைக்கடியில் பூத்த வருடம், ஆரின் கசங்கிய சட்டையில் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"சதுப்பு காலியாயிடுச்சு மார்லிஸ். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு புதர் கெளம்பிப் போயிடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்."

"நீ சொன்னதைச் சீட்டுல ஏத்தினதுக்குப் பாஸ்டர்கிட்ட பேச்சு வாங்குறது நானு. புளுகுறதுதான் புளுகுற, வேற ஊரா பாத்துப் புளுகக் கூடாதா?"

"வேற ஊருன்னா நீ நம்பமாட்டியே."

"இதை மட்டும் நம்பினேனாக்கும்!"

ஆரினின் காது சிவந்தது.

காப்பகத்தில் பழைய சீட்டைக் கிழிக்கும் வழக்கம் இல்லை. தவறு இருந்தால் கீழே திருத்தச் சீட்டு ஒட்டுவார்கள். பிந்திய சீட்டு சொல்வதே செல்லும்.

"சதுப்புன்னு திருத்திடவா? எல்லாம் வீடு திரும்பிடும்" என்றாள் மார்லிஸ்.

"அலமாரியை யார் வேணாலும் தெறந்து பாக்கலாமே. மறுநாளே மண்வெட்டியோட வந்து நிப்பான்."

"அப்ப எவனும் மண்வெட்டி தூக்கிட்டு வர முடியாத எடமா சொல்லு."

அவன் தொப்பியைத் திருகியபடி, "உன் சமையலறை" என்றான்.

மார்லிஸ் தலை நிமிராமல் மூன்று திருத்தச் சீட்டுகளையும் தட்டச்சு செய்தாள்.

மறு ஜூனில் பாஸ்டர் கயிற்றை அவிழ்த்தார். மார்லிஸின் சமையலறையில், அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே, ஈரப் பாசியோடு மூன்று செருப்புப்பூப் புதர்களும் முளைத்திருந்தன. பிடுங்கினால் குற்றம் என்பதால் அவள் எட்டி எட்டிச் சமைத்தாள். புதர்கள் வாடாமல் இருக்கின்றனவா என்று தினமும் பார்க்க வந்த ஆரின், தினமும் வந்துபோக பெட்ரோல் எதற்கு என்று கல்யாணம் செய்துகொண்டான். எந்தச் சீட்டிலும் ஏறாத கடைசிப் புதர் சதுப்பிலேயே இருந்து, குஞ்சும் குளுவானுமாகப் பெருகியது. இன்றும் அவர்கள் வீட்டுக்குக் காபி குடிக்கப் போகிறவர்கள் பூவைச் சுற்றித்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். யாரும் குறை சொல்வதில்லை. கொசு மட்டும் கொஞ்சம் அதிகம் என்பார்கள்.