எஞ்சினுக்கு எட்டாத மாலை

எங்கள் ஊரில் புது ரயில் முதன்முதலாக நிற்கும் நாளில், எஞ்சினுக்கு மாலை போடுவது எங்கள் குடும்பத்து உரிமை. தாத்தா காலத்து மீட்டர்கேஜ் எஞ்சினை அளந்த கயிறு இன்றும் என்னிடம் இருக்கிறது. இம்முறையும் அதை வைத்தே மாலை கட்டச் சொன்னேன். வந்து நின்றதோ அகலப்பாதை எஞ்சின். மாலை பாதியில் நின்றது. ஊரே சிரித்தது.

உரிமையைப் பறிக்கக் காத்திருந்த எதிர்வீட்டு ரிச்சர்டும் கையில் ஒரு மாலையோடு வந்தார்.

"தேவசிகாமணி அண்ணாச்சி, எஞ்சின் பெருத்துட்டோ, இல்ல உங்க மாலை சுருங்கிட்டோ?"

கார்டு பச்சைக்கொடியை எடுத்துவிட்டார். நான் ரிச்சர்டின் பக்கம் திரும்பினேன்.

"சிரிச்சது போதும்வே. உம்ம மாலையையும் இங்கன கொண்டாரும்."

இரண்டையும் நான் சேர்த்து முடிய, இருவருமாக மாட்டினோம். ஹாரன் ஒலிக்க, ஊரே கைதட்டியது.

பாதிப் பூ ரிச்சர்டுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முடிச்சுப் போட்டது எங்கள் குடும்பம்.