பதினான்காம் குழி மண்

கமுதியில் மகளுக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டு ராக்கு இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாள். வந்தவள் நேரே வேலைக் கொட்டகைக்கு வரவில்லை. கண்மாய்க்குள் இறங்கிக் கிழக்கு மூலைக்குப் போனாள். அங்கே ஆறடி ஆழத்துக்கு மண் வெட்டி எடுத்திருந்தார்கள். குழியின் விளிம்பில் அவள் நிற்பது கொட்டகைச் சன்னல் வழியே சேதுலட்சுமிக்குத் தெரிந்தது. புதுக் குழியை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

அது 2008ஆம் ஆண்டுக் கோடை. கடலாடிக்குத் தெற்கே அந்த ஊர்க் கண்மாயை ஒரு தொண்டு நிறுவனம் தூர் வாரிக்கொண்டிருந்தது. வாரிய மண்ணிலேயே ஊருக்குப் பன்னிரண்டு வீடுகள். மண்ணைச் சலித்து, கொஞ்சம் சிமெண்டு கலந்து, கையால் அழுத்தும் அச்சில் போட்டுக் கல்லாக்கினார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மூன்று வாரம் ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் ஊற்றினால் கல் இறுகிவிடும். மூன்றாம் எண் வீடு ராக்குவுக்கு ஒதுக்கியது. புருசன் போன பிறகு அவள் தனி ஆள். அச்சுக்கு மண் சுமந்துகொண்டிருந்தாள்.

சேதுலட்சுமி வேதியியல் படித்தவள். பேச்சு குறைவு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். அவளுக்கு ஏற்ற வேலைதான் கிடைத்திருந்தது. கண்மாயை இருபத்திரண்டு குழிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குழியையும் வெட்டுவதற்கு முன் போட்டோ எடுப்பாள். இரண்டடிக்கு ஒரு அடுக்காக மண் எடுத்து, களி எவ்வளவு, மணல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சோதித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். எந்த மண் கல்லுக்கு, எந்த மண் கரைக்கு, அடுத்து எந்தக் குழி என்று புரோகிராம் சொல்லும். டிராக்டர் நடை ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு. எந்தக் குழி மண் எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும். அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏ ராக்கு, பேரன் பாத்த மவராசி! சீனி கொண்டாரலயாடி?" வெளியே சல்லடையடியில் இருந்து பஞ்சம்மாள் கத்தினாள். "வெறுங்கைய வீசிட்டு வாரா பாரு."

ராக்கு கொட்டகைக்குள் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தாயி, கெழக்கு மூலைய அடுத்த வருசந்தான் தொடுவோம்னு சொன்னீக."

"தெக்குப் பக்கத்துக் குழியில எல்லாம் உப்பு அதிகமா வந்துருச்சுக்கா. அதனால மாத்திருச்சு."

"யாரு?"

சேதுலட்சுமி கம்ப்யூட்டரைக் காட்டினாள். அந்த உப்புக் கணக்கை ஏற்றியது தன் கைதான் என்பது உடனே நினைவுக்கு வந்தது.

"அங்கன ஒரு கருவேல மரம் நின்னுச்சு. அடியில ஒடஞ்ச அம்மித் துண்டு கெடந்துச்சு." ராக்கு குரலைத் தாழ்த்தினாள். "அந்த மண்ணு எங்க போச்சு?"

"எதுக்குக்கா?"

ராக்கு தரையில் உட்கார்ந்தாள். "என் மூத்தது அங்கனதான் இருக்கு. பதினோரு நாளு. பேரு வைக்கல."

மேற்கொண்டு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிஞ்சுக் குழந்தைகளை எரிப்பதில்லை, கண்மாயோரம் புதைப்பார்கள், நரி தோண்டாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைப்பார்கள் என்பது சேதுலட்சுமிக்கும் தெரியும். அவள் ஊரிலும் அப்படித்தான்.

பதினான்காம் குழியின் பக்கத்தைத் திறந்தாள். போட்டோவில் மரம் நின்றது. மரத்தடியில் கறுப்பாக அம்மித் துண்டு. கீழே, இதரக் குறிப்பு என்ற கட்டத்தில் அவளே அடித்தது: கல் ஒன்று. அகற்றவும்.

"இதேதான்" என்றாள் ராக்கு. திரையைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டாள். "சலிக்கையில ஏதாச்சும் வந்துச்சா?"

"வேருதான் வந்துச்சுக்கா." அது உண்மை. "எவ்வளவு ஆழம் தோண்டுனாங்க?"

"எனக்கென்ன தெரியும், என்னயக் கூட்டிட்டா போனாக? பொம்பள வரக்கூடாதுன்னுட்டாக. எங்க வீட்டுக்காரவுகதான் சொன்னாக, இடுப்பளவு தோண்டித்தான் வச்சேன், பயப்படாதன்னு."

இடுப்பளவு. மூன்றடி. இரண்டாம் அடுக்கு. விடை திரையிலேயே இருந்தது. இரண்டாம் அடுக்கு மண்ணில் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது கல். ஆயிரத்து முந்நூறு, ஏழாம் எண் வீட்டில். அது தவசியின் வீடு, சுவர் எழும்பிவிட்டது. மிச்சம் இருநூற்று நாற்பது பிந்தி அச்சில் போட்டது, சாக்குக்கு அடியில் ஈரத்தில் இருந்தது. இறுகியதும் பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டியது.

"நாளைக்குச் சொல்றேன்க்கா" என்றாள் சேதுலட்சுமி.

ராக்கு எழுந்து மண் சுமக்கப் போனாள்.

மத்தியானம் மேஸ்திரி பொன்னுச்சாமியிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர். கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரைக்குப் போயிருச்சுன்னு சொல்லிரு, தாயி. கரையில ஒரு விளக்கப் பொருத்தி வச்சு மனசாறிக்கிடும். கக்கூசுக்குப் போகுதுன்னா சொல்வ?"

"அந்த இருநூத்தி நாப்பதையும் நிறுத்திரலாமாண்ணே?"

"எதச் சொல்லி நிறுத்துவ? கல்லு நல்ல கல்லு. இந்தக் கண்மாயில எத்தன வீட்டுப் புள்ளைக கெடக்கோ. ஒண்ணுக்கு நிறுத்துனா வேலையே நின்னுரும்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கல்லைத் தள்ளிவைக்கப் புரோகிராம் நான்கு காரணங்களைத்தான் ஒப்புக்கொள்ளும்: உப்பு, களி, வேர், விரிசல். உப்பு என்பதைத் தேர்ந்தாள். அந்த நொடியே, அதே மண் இருந்த ஏழாம் எண் வீடும் திரையில் சிவப்பாகிவிட்டது. சுவரை உடைத்துச் சோதிக்கவும் என்று வந்தது. தவசியின் மனைவி அந்தச் சுவருக்கு இரண்டு முறை சாணி மெழுகிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். சேதுலட்சுமி அவசரமாக அதை ரத்து செய்தாள். சிவப்பு போயிற்று. அதுவரை அவள் ஒரு பொய் எண்ணைக்கூட ஏற்றியதில்லை.

மறுநாள் காலையில் ராக்கு தானாக வந்து கேட்கவில்லை. சேதுலட்சுமிதான் எழுந்து வெளியே போனாள். பஞ்சம்மாளும் மற்றவர்களும் சலித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுச்சாமி அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பேருக்கும் முன்னால் அவள் ராக்குவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, முக்காவாசி தவசி அண்ணன் வீட்டுச் செவுத்துல இருக்கு. மிச்சம் இந்தா, இந்த அடுக்கு. இருநூத்தி நாப்பது கல்லு."

ராக்கு சாக்கு மூடிய அடுக்கைப் பார்த்தாள். "இதுல எதுல?"

"தெரியாதுக்கா. அத எந்தச் சோதனையிலயும் பாக்க முடியாது."

"அப்ப எல்லாந்தான்." சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபடி, "இது எங்க போகுது?"

பொன்னுச்சாமி நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"கக்கூசுக்குன்னு போட்டிருக்கு" என்றாள் சேதுலட்சுமி. "போகாது. நான் அனுப்ப மாட்டேன்."

சல்லடைகள் நின்றுவிட்டன. பொன்னுச்சாமி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர்ல என்னன்னு எழுதுவ?"

"உள்ளத எழுதுறேண்ணே. கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுறேன்."

அவர் ராக்குவைப் பார்த்தார். அவள் அழவில்லை, அதுதான் அவரை என்னவோ செய்தது போலும். "கக்கூசுக்கு வேற கல்லு வேணுமே" என்று முனகினார். "பதினாறாங்குழிக் கல்லுல காஞ்சது கெடக்கா பாரு."

"இருக்குண்ணே. பாத்துட்டேன்."

"ராக்கு, தவசிட்ட நான் பேசட்டா?"

"வேணாம்ணே." ராக்கு தலையாட்டினாள். "அவன் வீட்டுலயும் சின்னஞ்சிறுசுக ஓடியாடுது. அங்கன இருக்கது இருக்கட்டும். சொல்லிப் பயமுறுத்த வேணாம். பஞ்சம்மா, ஒன் வாயிலருந்தும் வரக்கூடாது."

"நான் எதுக்குடி சொல்லப் போறேன்?" என்றாள் பஞ்சம்மாள். அவளுக்குத்தான் கண் கலங்கியிருந்தது. "என்னது ரெண்டு கெடக்கு, வடக்க."

சேதுலட்சுமி பஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். வடக்குக் குழிகள் அடுத்த வாரம் தொடங்க வேண்டியவை.

"இதை ஒங்க வீட்டுக்கே எழுதுறேன்க்கா" என்றாள் ராக்குவிடம். "எந்தச் செவுத்துக்கு?"

"உள்செவுத்துக்கு." அதை ராக்கு முன்பே யோசித்து வைத்தவள் போலச் சொன்னாள். "மழ படாத எடமா வையி, தாயி. கம்மா பெருகுனா மரத்த முட்டத் தண்ணி ஏறிரும். ஊரே மழ வேணும்னு கும்பிடும். நானும் கூட நின்னு கும்பிடுவேன். பெய்ய ஆரம்பிச்சா எனக்கு இருப்புக் கொள்ளாது. இருவத்தஞ்சு வருசம், தண்ணிக்குள்ளயே கெடந்துச்சே."

சேதுலட்சுமி உள்ளே போனாள். கல் ஒன்று, அகற்றவும் என்பதை அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: இங்கே ஒரு குழந்தை புதைக்கப்பட்டிருந்தது. வெட்டுமுன் ஊராரைக் கேட்கவில்லை. மீதிக் கற்கள் 240, மூன்றாம் எண் வீடு, உள்சுவர். தன் பெயரையும் தேதியையும் போட்டாள். பிறகு வடக்குக் குழிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்டபின் வெட்டவும் என்று எழுதினாள். புரோகிராம் அதைக் காரணமாக ஒப்புக்கொள்ளவில்லை. வேலைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதி வைத்தாள்.

வெளியே மாரியூர்ப் பக்கமிருந்து கடற்காற்று எழும்பிவிட்டது. சாக்குகள் பறக்காமல் இருக்க, குழிகளில் கிடைத்த கற்களையெல்லாம் அடுக்குகளின் மேல் பாரமாக வைத்திருந்தார்கள். ராக்கு ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்பதாம் குழி அடுக்கின் மேல் அம்மித் துண்டு இருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்துவந்து இருநூற்று நாற்பது கல்லின் மேல் வைத்தாள்.

பிறகு குடத்தை எடுத்துப் போய்த் தண்ணீர் மோந்து வந்தாள். சாக்கு இன்னும் பதினோரு நாள் காயாமல் இருக்க வேண்டும்.