தகட்டில் காய்ந்த வடகம்

வெயிலிலிருந்து கரண்டு எடுக்கலாம் என்று பேட்டரிக் கடை முகமது பாரூக் சொன்னபோது பொம்மையன் நம்பவேயில்லை. திருவிழா திருவிழாவாகப் போய் வளையல்கடை போடுகிற மனுஷர் அவர். கொடைரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, குடித்தனம் எல்லாம் அதற்குள்ளேயே. அவர் அதை வண்டி என்பார். மனைவி சிவனம்மாளுக்கு அது வீடு.

எண்பத்தேழாம் வருஷம் பங்குனியில் அந்த வீட்டுக் கூரைமேல் பாரூக் ஒரு கண்ணாடித் தகட்டைப் படுக்கவைத்து முடுக்கினான். கட்டிலுக்கடியில் பேட்டரி, கடை முகப்பில் ட்யூப் லைட். பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தே காய்த்துப்போன கையால் பொம்மையன் சுவிட்சைப் போட, பளிச்சென்று எரிந்தது.

"அடேங்கப்பா!" என்றார்.

"அக்கா, தகட்டு மேல நிழல் மட்டும் விழக்கூடாது. அம்புட்டுத்தான்," என்று பாரூக் சிவனம்மாளிடம் சொன்னான். அவளும் தலையாட்டினாள். தலையாட்ட என்ன காசா பணமா?

பாரூக் திண்டுக்கல்லில் புதிதாகக் கடை போட்டவன். திருவிழாவில் பொம்மையனுக்குப் பக்கத்தில் கடை போடுகிற மிட்டாய்க்கடை சடையாண்டியும் பலூன்கடை தங்கமுத்துவும், "ஆத்தூர் திருவிழா வரைக்கும் எரியுதான்னு பாப்போம். எரிஞ்சா எங்களுக்கும் ஒண்ணொண்ணு போடு" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் அவன் இருந்தான்.

சித்திரை பிறந்தது. வடகம் போடாமல் எந்தப் பொம்பளைக்குச் சித்திரை கழியும்? தரையில் போட்டால் ஆடு மேயும், கோழி கிளறும். சிவனம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கூரைமேல் வழவழவென்று கண்ணாடி, அடுப்புக்கல் சூட்டில், சும்மா கிடந்தது. பொம்மையன் சரக்கெடுக்க டவுனுக்குப் போனதும் ஏணியில் ஏறி, பழைய வேட்டியை விரித்து, கூழை வரிசை வரிசையாக ஊற்றிவிட்டாள். மெல்லிசு வேட்டிதானே, இது எப்படி நிழலாகும்? தினமும் அவர் திரும்புவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவாள்.

நாலாம் நாள், கூட்டம் நெரிகிற நேரத்தில் லைட் மங்கி அணைந்தது.

மறுநாளே பாரூக் ஓடி வந்தான். பேட்டரியைச் சோதித்து, மண்டையைச் சொறிந்து, கடையில் இருந்ததிலேயே நல்ல பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினான். "மேல நிழல் எதுவும் விழுகலையேக்கா?" என்று கேட்டான். அந்த வேட்டிதான் நிழல் என்று அப்போதுதான் சிவனம்மாளுக்கு உறைத்தது, பாவி மகளுக்கு.

"இல்லையே தம்பி," என்றாள்.

இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தாள். நிஜமாகத்தான் எடுத்தாள். ஆனால் அன்றைக்குக் கிண்டிய கூழ் ஒரு சட்டி நிறைய இருந்தது. விட்டால் புளித்துப்போகும். இந்த ஒரு ஈடு மட்டும், இதோடு சரி என்று மறுபடியும் ஏறினாள். அது காய ரெண்டு நாள் ஆனது. காய்ந்த கையோடு ஆத்தூர் போனார்கள். திருவிழாவின் முதல் நாளே, சடையாண்டி, தங்கமுத்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லைட் செத்துப்போனது.

"ஏமாத்துக்காரப் பய!" பொம்மையன் ஊரே கேட்கக் கத்தினார். ஆள் விட்டு வரவழைத்து, "ஏலே, ஒன் தகட்டக் கழத்திட்டுப் போ. இனி எவனும் ஒங்கிட்ட வேலை குடுக்கமாட்டான்," என்றார். சடையாண்டி ஆமாம் ஆமாம் என்றார். பாரூக் ஏணியில் கால் வைத்தான்.

அது சோறு நேரம். வாசலுக்கு வந்தவனைப் பசியோடு அனுப்ப சிவனம்மாளுக்கு மனசு வரவில்லை. "ரெண்டு வாய் சாப்ட்டுட்டு ஏறு தம்பி," என்று சோறும் குழம்பும் வைத்து, வெஞ்சனத்துக்கு அந்த வடகத்தையே பொரித்துப் போட்டாள். வேறு எதுவும் இல்லை வீட்டில்.

பாரூக் ஒன்றைக் கடித்தான். "நல்லா வெயில் குடிச்சிருக்குக்கா," என்றான் கள்ளமில்லாமல்.

அவ்வளவுதான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள் சிவனம்மாள். "அது ஒன் தகட்டுக்கு வந்த வெயிலு தம்பி. நாந்தேன்... அது மேலதேன் காயப்போட்டேன்."

பொம்மையன் வாயில் வைத்த வடகத்தோடு அப்படியே இருந்தார். பாரூக் தட்டையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்.

"நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா," என்றான்.

மிச்சச் சோற்றை அவன் தின்னவில்லை. மேலே ஏறி, தளர்ந்த திருகாணியை முடுக்கி, தகட்டைத் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

சிவனம்மாள் நேராகச் சடையாண்டியிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சிரித்தார். "ஒம் மனசு யாருக்கு வரும் மதினி! அந்தப் பய பொழப்புக்காகப் பழிய ஒந்தலையில போட்டுக்கிற. வடகத்துக்கு லைட் அணையுமாக்கும்?" தங்கமுத்துவும் அதையேதான் சொன்னார். அழுது சத்தியம் பண்ணியும் ஒருவரும் நம்பவில்லை. இவ்வளவு நல்ல பொம்பளையா என்று மெச்சினார்கள், அதுதான் தாங்கவில்லை.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் சுற்றிலும் பெட்ரோமாக்ஸ்கள் புகைந்தன. வளையல்கடை லைட் மட்டும் ஒரு சொட்டுக்கூட மங்காமல் எரிந்தது. ஒரு தடவை செத்தது செத்ததுதான் என்று, தங்களுக்கும் ஒன்று போடச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

"நல்லா எரியுதுல்ல?" என்றார் பொம்மையன், மெதுவாக.

சிவனம்மாள் அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வளையல் விற்றாள்.