அவர் பெயரில் போன டப்பா

பஸ் ஓட்டுநர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். ஸ்டியரிங்கை வளைத்து வளைத்து முறுக்கேறிய கைகளுக்கு இப்போது போர்வையை இழுத்துவிடக்கூடத் தெம்பில்லை. குடலில் கிளம்பிய புற்று கல்லீரல் வரை போய்விட்டது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

மனைவி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். வாசலருகே டாக்டரம்மா ஓட்டுநரின் தம்பியிடம் கெஞ்சாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கூடப் பிறந்தவருக்கு வந்திருக்கு. நீங்களும் குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்துடுங்க."

"போங்க டாக்டரம்மா! போன வருஷம் டிப்போல டப்பா குடுத்து, அண்ணனோட மலத்தை வாங்கிப் பாத்தாங்களே. ஒண்ணுமில்லன்னுதானே வந்துச்சு? உங்க டெஸ்டும் நீங்களும்!"

டாக்டரம்மாவுக்கும் அதுதான் பிடிபடவில்லை. "செல்லு கண்டபடி வளராம தடுக்கிற ஜீன் நம்ம உடம்புலயே இருக்கு. புத்துநோய்ல அதுமேல ஒரு சின்ன ரசாயனம் ஒட்டி, அதோட வாயை அடைச்சிடும். மெத்திலேஷன்னு பேரு. அந்த செல்லு உதிர்ந்து மலத்துல வரும்போது, ஒட்டியிருக்கிறதைத் தேடிக் கண்டுபிடிப்பாங்க. சில சமயம் தப்பும், இல்லேங்கல. ஆனா இவ்வளவு பெரிய கட்டி..." என்று இழுத்தார்.

சில சமயம் தப்பும். அந்த ஒரு வார்த்தை போதும், மனைவி காலத்துக்கும் வாய் திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் சட்டென்று எழுந்தாள்.

"தம்பி, நில்லுங்க. அந்த டப்பால போனது உங்க அண்ணனோடது இல்ல. என்னோடது."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மலத்துல ரத்தம் போறது அவருக்குத் தெரியும். வெளிய தெரிஞ்சா பஸ்ஸை விட்டு இறக்கிடுவாங்கன்னு பயந்தார். 'நீ குடுத்துடு'ன்னார். நானும் சிரிச்சுகிட்டே குடுத்தேன். ஒண்ணுமில்லன்னு வந்ததும் ஸ்வீட் வாங்கிட்டு வந்தார். உக்காந்து தின்னோம், தம்பி. அப்புறம் போகப் போக, தனக்கு ஒண்ணுமில்லன்னு அவரே நம்பிட்டார்."

"என்ன காரியம் பண்ணீங்க அண்ணி!" அவன் சுவரோடு சாய்ந்துவிட்டான்.

"டெஸ்ட் பொய் சொல்லல. நாங்கதான் சொன்னோம். நோய் அந்த ஜீனோட வாயை அடைச்சுது, எங்க வாயை நாங்களே அடைச்சுகிட்டோம். வேலை போயிடும்னு மறைச்சு, இப்ப ஆளே போறார். நோயை மறைச்சா அது போயிடாது தம்பி, வளரும்." அவள் விம்மினாள்.

கட்டிலில் ஓட்டுநர் கண்ணைத் திறந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கண்ணீர் காதோரம் வழிந்தது.

"அவளைத் திட்டாதடா," என்றார் தம்பியிடம். "இன்னைக்கே போய் டெஸ்ட் பண்ணிப் பாரு. நீயே போ."